இரவல் குழந்தை

தண்ணீர் டேங்க் சந்தில் மிக அதிக முறை தடுப்பு மருந்துக்குத் தூக்கிச் செல்லப்பட்ட குழந்தை எது என்று ஒரு போட்டி வைத்தால், பூபாலன் வீட்டுக் கடைசிப் பெண் சுபாஸ்ரீக்குத்தான் முதல் பரிசு. இரண்டாம் பரிசுக்கு ஆள் கிடைக்காது. மூன்று வயது இன்னும் நிறையாத அவள், சந்து முனையிலிருந்த கனகவல்லி நர்ஸிங் ஹோமுக்குப் போன தடவைகளைக் கணக்கில் எடுத்தால், செகந்திராபாத்தின் போலியோ முழுவதையும் ஒற்றை ஆளாக மறித்து நிறுத்தியவள் அவள்தான் என்று சொல்ல வேண்டியிருக்கும். உண்மையில் அங்கே அவள் வாயில் விழுந்தது ஒரு ஸ்பூன் குளுக்கோஸ் மட்டும்.

மாரெட்பள்ளியின் பின்பக்கம், ரயில்வே குவார்ட்டர்ஸ் மதிலுக்கும் தண்ணீர் டேங்குக்கும் நடுவே நெளிந்து போகிறது எங்கள் சந்து. ஒரு காலத்தில் அரக்கோணத்திலிருந்தும் ஜோலார்பேட்டையிலிருந்தும் ரயில் பட்டறை வேலைக்கு வந்தவர்கள், ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்தார்கள், ஊரைக் காலி செய்யவில்லை. மதிலுக்கு இந்தப் பக்கம் வந்து ஆஸ்பெஸ்டாஸ் போட்டுக்கொண்டார்கள். மகன்களுக்குப் பட்டறை வேலை கிடைக்கவில்லை. கச்சிபௌலியில் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பியபோது, அவற்றுக்குள் போகும் படிப்பு இல்லாததால், போகிறவர்களை ஏற்றிச் செல்லும் வேலைக்குப் போனார்கள். பூபாலனும் அப்படித்தான். சாயங்காலம் குவாலிஸ் வண்டியை எடுத்தால் விடிந்து வீடு வருவான்; ஏனுக்குக் 'கைக்கு', ஆமாமுக்கு 'ஹவ்', வேண்டாமுக்கு 'நக்கோ' என்று டிரைவர் ஸ்டாண்டு உருதுவும் கூடவே வரும். இங்கே பிள்ளைகளைத் தமிழில் திட்டினால் தெலுங்கில் அழும்.

கனகவல்லி டாக்டர் பிரசவம் பார்ப்பதை எப்போதோ நிறுத்திவிட்டார். அதற்குப் பூந்தொட்டி வைத்த ஆஸ்பத்திரிகள் வந்துவிட்டன. அந்த ஆஸ்பத்திரிகள் தொட விரும்பாத வேலையை அவர் செய்தார். கருக்கலைப்பு. முறைப்படி அனுமதி வாங்கி, அனுமதிப் பத்திரத்துக்குச் சட்டம் போட்டு, வரவேற்பறையில் காந்தி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, பகல் வெளிச்சத்தில் செய்தார். போவன்பள்ளி மார்க்கெட்டில் மூட்டை சுமக்கிறவளும் வந்தாள், கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கவிட்டவளும் வந்தாள். புருஷன் கையெழுத்து கேட்க மாட்டார். கேட்காமலே பேனாவைத் தூக்கிக்கொண்டு வருகிற புருஷன்களை வெளியே பெஞ்சில் உட்காரவைப்பார். "வயிறு அவளுது, கையெழுத்தும் அவளுதுதான். நீங்க பேப்பர் படிங்க" என்பார்.

சந்துக்கு ஒரே ஒரு சங்கடம். தனியாக உள்ளே போகிற பெண் எதற்குப் போகிறாள் என்று எல்லோருக்கும் தெரியும். இடுப்பில் குழந்தை இருந்தால், தடுப்பூசிக்கு. ஆகவே யாருக்குத் தேவைப்பட்டாலும் ஒரு குழந்தையை இரவல் வாங்கிக்கொண்டு போவது வழக்கமாயிற்று. கைக்கு அடக்கமாய், யார் தோளிலும் தூங்குகிற, யாரைப் பார்த்தும் அழாத குழந்தை வேண்டும். சுபாஸ்ரீக்கு முன்னால் அவளுடைய நடு அக்கா அந்தப் பதவியில் இருந்தாள், அதற்கு முன்னால் பெரியவள் சௌம்யா. அவர்களுடைய அம்மா ஷர்மிளாதான் இரவல் கொடுக்கிறவள். வாடகை ஒரு பிஸ்கட் பாக்கெட். 'சுபாவக் கொஞ்சம் குடேன், சொட்டு மருந்து போட்டுகினு வரேன்' என்று கேட்டால், ஷர்மிளா முகத்தைக்கூடப் பார்க்க மாட்டாள். "செருப்ப மாட்டிகினு போ கண்ணு" என்று குழந்தையிடம் மட்டும் சொல்வாள். உள்ளே, நர்ஸ் அம்மணி குழந்தையைத் தூக்கி மேஜையில் வைத்து ஒரு ஸ்பூன் குளுக்கோஸ் கொடுப்பாள். "மருந்துக்குனு வந்த புள்ள, வெறும் வாயோட போனா பொய்யாப் போயிருமுங்க" என்பது அவள் நியாயம்.

அந்த ஏப்ரலில் வெயில் ஆஸ்பெஸ்டாஸைத் துளைத்தது. ஷர்மிளா எப்போதும்போல விடியுமுன் போவன்பள்ளி போய், தக்காளிக் கூடையும் கோங்குராக் கீரைக் கட்டும் முருங்கைக்காயும் ஆட்டோவில் பகிர்ந்து ஏற்றிவந்து, தள்ளுவண்டியில் அடுக்கி, மாரெட்பள்ளி அபார்ட்மெண்டுகளுக்குக் கீழே நின்று கூவினாள். மாதவிலக்கு நின்று போனதை வயதின்மேல் போட்டாள், தலைச்சுற்றலை வெயிலின்மேல் போட்டாள். இரண்டும் வேறு காரணத்தால் என்று அவளுக்குத் தெரியவந்தபோது நாலாவது மாசம் நடந்துகொண்டிருந்தது.

டாக்டர் அவள் கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றினார். பிறகு அவிழ்த்து மறுபடி சுற்றினார்.

"எவ்வளவு நாளா தலைவலி?"

"அது கெடக்குது டாக்டரம்மா. வெயில்ல நின்னுகினே இருந்தா வலிக்காம இன்னா பண்ணும்?"

"போன பிரசவத்துல என்ன ஆச்சுன்னு ஞாபகம் இருக்கா உனக்கு?"

"எனக்கு எப்டி இருக்கும்? நான்தான் நெனப்பே இல்லாம கெடந்தேனே. எங்க வூட்டுக்காரரக் கேளுங்கோ, அவரு கண்ணால பாத்தவரு."

சுபாஸ்ரீ பிறந்தபோது ஷர்மிளாவுக்கு ஜன்னி கண்டது. பற்கள் கிட்டித்து, நாக்கு கடிபட்டு, பிழைக்க மாட்டாள் என்று பூபாலனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். எப்படியோ பிழைத்தாள். இன்னொரு பிரசவம் இந்த உடம்பு தாங்காது என்று அப்போதே கனகவல்லி எழுதி வைத்தார். கருத்தடை ஆபரேஷன் செய்கிற அளவுக்கும் அவள் ரத்த அழுத்தம் இறங்கவில்லை. பூபாலன் செய்துகொள்ளலாம் என்றார் டாக்டர். அது செய்துகொண்டால் கிளட்ச் மிதிக்க முடியாது என்று டிரைவர்கள் மத்தியில் ஒரு மருத்துவக் கருத்து நிலவியது.

"இது இருந்தா நீ இருக்க மாட்டே, ஷர்மிளா. சுத்தி வளைச்சுச் சொல்லத் தெரியாது எனக்கு."

"அதுக்குத்தான வந்துகிறேன்."

"மூணு மாசம் தாண்டியாச்சு. நான் ஒருத்தி முடிவு பண்ணினா போதாது, இன்னொரு டாக்டரும் பார்த்துச் சரின்னு சொல்லணும். லக்ஷ்மிநாராயணன் சார் வியாழக்கிழமை வருவார். அதுக்குள்ள இந்த மாத்திரையைச் சாப்பிட்டு பிரஷரைக் கொஞ்சம் இறக்கு. இப்ப இருக்கிற நிலைமையில நான் கை வைக்க மாட்டேன். கூடை தூக்காதே."

"கூடைய நீங்களா வந்து தூக்குவீங்கோ?"

அம்மணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஏங்கண்ணு, நீ யாரு புள்ளயத் தூக்கிட்டு வருவே?"

"எம் புள்ளயத்தான். ஊருக்கெல்லாம் குடுத்தேன், எனுக்கு இல்லியா?"

அன்று மத்தியானம் பூபாலன் தூங்கி எழுந்து, தக்காளிப் பப்புக்கு நெத்திலிக் கருவாடு வறுத்துப் போட்ட சோற்றை உருட்டிக்கொண்டிருந்தான். மேலே புது டிஷர்ட். வெள்ளை நிறம், நெஞ்சில் ரோஜா வண்ணத்தில் ஒரு குழந்தையின் முகம், அதன்கீழே 'பெண் குழந்தையைக் காப்போம்' என்று ஆங்கிலத்தில். காலையில் கம்பெனிப் பிள்ளைகளை ஊர்வலத்துக்கு இறக்கிவிட்டபோது, மிச்சமிருந்த ஒன்றை டிரைவருக்கும் கொடுத்தார்கள். ஊர்வலம் ஒரு பூங்காவில் தொடங்கி அதே பூங்காவில் முடிந்தது.

ஷர்மிளா சொன்னதைக் கேட்டதும் அவன் உருண்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டான்.

"கைக்குடி இப்டி ஆச்சு?"

"என்னியக் கேட்டா?"

"டாக்டரம்மா இன்னா சொன்னாங்க?"

"வியாழக்கெழம வா, முடிச்சுடலாம்னு சொன்னாங்க."

"ஹவ்... அப்ப செரி." கருவாட்டைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினான். "அன்னிக்கு உன் வாயில ஸ்பூனு வெச்சு அழுத்திகினு இருந்தாங்க. நான் பாத்தேன். எனுக்கு அது மறுபடியும் நக்கோ, ஷர்மி."

"எனுக்கு மட்டும் வேணுமா? சாப்பிடு, கருவாடு ஆறிப்போச்சுன்னா நாறும்."

வியாழக்கிழமை வருவதற்குள் வேறொரு செய்தி வந்தது. குழாயடியில் அம்மணி சொன்னாள். ஆபீசர்கள் சோதனைக்கு வருகிறார்களாம். பெண் குழந்தை என்று பார்த்துப் பார்த்துக் கலைக்கிறார்கள் என்று பேப்பரில் வந்ததிலிருந்து, ஊரிலுள்ள சின்ன ஆஸ்பத்திரிகளை வரிசையாகப் பார்க்கிறார்களாம்.

"நம்ம கிட்ட ஸ்கேன் மிஷினே கெடயாதுங்களே, என்னத்தப் பாத்துக் கலைக்கறது? வரட்டும், பாத்துட்டுப் போகட்டும்" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு அம்மணி போய்விட்டாள்.

அவள் போன பிறகு பெண்கள் குடங்களை நகர்த்தவில்லை. டாக்டரம்மாவுக்கு எதாவது செய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் தோன்றியது. இதுவரை அவருக்கு அவர்கள் காட்டிய ஆதரவு காய்கறி வடிவத்தில்தான் இருந்தது. ஷர்மிளா வண்டியின் நல்ல முருங்கைக்காய் முதலில் அங்கேதான் போகும். இந்தமுறை முருங்கைக்காய் போதாது என்று பட்டது.

"ஆபீசரு வந்து நம்மளக் கேட்டா இன்னாடி சொல்றது?" என்றாள் தையற்காரர் மனைவி.

"கேப்பாங்களா?"

"கேக்காம? இங்க அந்த மாதிரி வேல நடக்குதான்னு கேப்பாங்க."

சர்ச்சில் பாடுகிற அம்மா கழுத்துச் சிலுவையைத் தொட்டுக்கொண்டார். "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. நான் போனதே கெடயாது." அவர் சுபாவின் நடு அக்காவை இரண்டு தடவை வாங்கிப் போனவர். எல்லோரும் குழாயைப் பார்த்தார்கள்.

"அதத்தான் சொல்லணும்" என்றாள் ஷர்மிளா. "அந்த மாதிரி வேலயே இங்க கெடயாது, கொழந்தைங்களுக்கு ஊசி, சொட்டு மருந்து, அவ்ளோதான். ஒருத்தி சொன்னா சந்தேகப்படுவான். மொத்த சந்தும் ஒரே மாதிரி சொன்னா இன்னா பண்ணுவான்? இப்ப மட்டும் எதுனா ஆச்சுனா வியாழக்கெழம எனுக்குத்தான் ஆப்பு. ஒரு வாய்ல பேசுங்கடி."

ஒரு குழாயை ஒழுங்காகப் பகிர்ந்துகொள்ள முடியாத சந்து, இந்த ஒரு விஷயத்தில் ஒரே வாயாக நின்றது. டாக்டரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்வதென்றால், தங்களுக்கு விஷயம் தெரியும் என்று ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

செவ்வாய்க்கிழமை உச்சிவெயிலில் ஜீப் வந்தது. இறங்கிய அதிகாரி பெயர் ராகவேந்திரா. நல்ல மனிதர், அதுதான் பிரச்சினை. நேரே உள்ளே போய் மிரட்டுகிற ரகம் இல்லை. முதலில் ஜனங்களைக் கேட்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லித் தந்ததை மறக்காதவர். வேப்பமரத்தடியில் நின்று, ஒவ்வொரு பெண்ணாகத் தெலுங்கில் மரியாதையாகக் கேட்டார்.

"இந்த ஆஸ்பத்திரியில் என்ன வைத்தியம் பார்க்கிறார்கள் அம்மா?"

"கொழந்தைங்களுக்கு ஊசி சார்" என்றாள் ஷர்மிளா. சுபா அவள் இடுப்பில் இருந்தாள். "இதோ இவளுக்கு எல்லாம் இங்கதான் போட்டது."

"கருக்கலைப்பு?"

"ராம ராமா! நல்ல குடும்பத்துப் பொம்பளைங்க இருக்கிற எடம் சார் இது. நாங்க அப்டி எங்கயும் போறதில்ல."

தையற்காரர் மனைவி அதையே சொன்னாள். சர்ச்சம்மா சிலுவையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். பால் பூத் வைத்திருந்தவள், கேட்காமலே சொன்னாள். அதிகாரிக்கு மனம் நிறைந்தது. குழந்தை சுபாவின் கன்னத்தைத் தட்டிவிட்டு உள்ளே போனார்.

உள்ளே கனகவல்லி டாக்டர், வந்தவர்களை உட்காரச் சொல்லி, தாம் என்ன செய்கிறோம் என்பதை முழுதாகச் சொன்னார். அனுமதிப் பத்திரத்தைக் காட்டினார். பெயர்களை மட்டும் மறைத்து, ஒவ்வொருத்திக்கும் என்ன செய்தது, எந்த மாசத்தில் செய்தது என்ற பதிவைக் காட்டினார். வருஷத்துக்கு இத்தனை நூறு பேர் என்றார்.

ராகவேந்திரா குழம்பினார். இங்கே அப்படி எதுவுமே நடப்பதில்லை என்று ஊரே சொல்கிறது. நடக்கிறது என்று டாக்டர் சொல்கிறார். ஊரே பொய் சொல்லாது. அப்படியானால் இந்தப் பதிவிலுள்ள நூற்றுக்கணக்கான பெண்கள் யார்? எங்கிருந்து, யார் அனுப்பி, எதற்கு ரகசியமாக வருகிறார்கள்? சரி, ஊர் சொல்கிற தடுப்பூசியாவது இருக்கிறதா என்று ஃப்ரிட்ஜைத் திறந்தார். சில மருந்துக் குப்பிகளும், அம்மணியின் தயிர்சாத டப்பாவும், அரைமூடி எலுமிச்சம்பழமும் இருந்தன.

"தடுப்பூசி எங்கே டாக்டர்?"

"நான் தடுப்பூசியே போடறதில்லையே."

அதை அவருடன் வந்தவர் எழுதிக்கொண்டார். கடைசியில் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் உருவாயிற்று. அதன் சாரம்: இந்த மருத்துவமனை செய்வதாக ஊர் சொல்வதைச் செய்வதில்லை, செய்வதாகத் தானே சொல்வது ஊருக்குத் தெரியாமல் நடக்கிறது. விசாரணை முடியும்வரை மூடிவைக்கப்படுகிறது. கதவுப் பூட்டில் துணி சுற்றி அரக்கு ஊற்றினார்கள். வெயிலில் அரக்கு காய மறுத்தது. ஜீப் டிரைவர் நின்று விசிறினான்.

டாக்டர் வெளிப்படியில் உட்கார்ந்தார். பெண்கள் சற்றுத் தள்ளிக் கூடினார்கள்.

"தடுப்பூசின்னு யார் சொன்னது?"

ஷர்மிளாதான் முன்னால் வந்தாள். "நாங்க எல்லாரும்தான் டாக்டரம்மா. உங்கள விட்டுக்குடுக்கல. ஒருத்தி வாய் மாறல."

கனகவல்லி அவளையே பார்த்தார். சிரிக்கப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"நான் திருடியா இருந்தா நீங்க செஞ்சது பெரிய உதவி. நான் திருடி இல்லையேம்மா."

அப்போதுதான் அம்மணி அழ ஆரம்பித்தாள். ஷர்மிளாவுக்கு அழுகை வரவில்லை. அரக்கைப் பார்த்தாள். "அப்ப வியாழக்கெழம?" என்றாள்.

"விசாரணைக்கு யாராவது ஒருத்தி வந்து சொல்லணும். நான் இங்க வந்தேன், ஒழுங்கா பார்த்தாங்க, உயிரோட இருக்கேன்னு. ஒருத்தி போதும். நான் யார் பேரையும் சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. நீங்களா வந்தாத்தான்."

மறுநாள் காலை டாக்டர் வீட்டு வாசலில் வெண்டைக்காய், கோங்குரா, முருங்கைக்காய், ஒரு டஜன் முட்டை, ஒரு பொட்டலம் மல்லிகைப்பூ எல்லாம் குவிந்திருந்தன. ஆள் ஒருத்தியும் இல்லை.

"நான் போறேன்" என்றாள் ஷர்மிளா.

பூபாலன் கண்ணாடி முன்னால் தலைசீவிக்கொண்டிருந்தான். "போனா ஸ்டாண்டுல நாளைக்கு என்னிய இன்னா கேப்பானுங்க தெரியுமா?"

"இன்னா கேப்பானுங்க?"

"பொண்டாட்டிய ஆபீசரு முன்னாடி நிக்க வெச்சு இதெல்லாம் பேச வெச்சியேன்னு கேப்பானுங்க."

"நான் செத்தா இன்னா கேப்பானுங்க? மூணு பொண்ண வெச்சுகினு இன்னா பண்ணப்போறன்னு கேப்பானுங்க. அதுக்கு ஒரு பதில் யோசிச்சு வெச்சுட்டு அப்றமா இதுக்கு யோசி."

சீப்பில் சிக்கிய முடியைச் சுருட்டி ஜன்னலுக்கு வெளியே போட்டான். "நானும் வரேன், சல்" என்றான். துவைத்துக் காய்ந்திருந்த ஒரே நல்ல சட்டை அந்த வெள்ளை டிஷர்ட்தான். ஆபீசருக்கும் அது பிடிக்கும் என்று நினைத்தான்.

சுபாவையும் தூக்கிக்கொண்டு ஆபீசரின் அலுவலகத்துக்குப் போனார்கள். வீட்டில் விட ஆளில்லை. குழந்தைக்கு ஆபீசர் மேஜையைப் பார்த்ததும் குளுக்கோஸ் ஞாபகம் வந்து, வாயைத் திறந்து காட்டியது.

ராகவேந்திரா அவளை அடையாளம் கண்டுகொண்டார். "நீ அன்றைக்கு இல்லையென்று சொன்னவள்தானே?"

"ஆமா சார். அன்னிக்குச் சொன்னது பொய்."

"இன்றைக்குச் சொல்வது?"

"நெஜம்."

"எப்படி நம்புவது?"

"வயித்தப் பாருங்க சார்" என்றாள் ஷர்மிளா. "வியாழக்கெழம வரச்சொல்லியிருந்தாங்க. நீங்க செவ்வாக்கெழம வந்துட்டீங்க."

அவர் பேனாவை மூடினார். மறுபடி திறந்தார். "இது எத்தனையாவது?"

"நாலாவது."

"மற்ற மூன்றும்?"

"பொண்ணுங்க சார்."

அறையில் இருந்த மற்ற இருவரும் நிமிர்ந்தார்கள். தாங்கள் தேடி அலைந்தது இதைத்தான் என்பது அவர்கள் முகத்தில் இருந்தது. மூன்று பெண் குழந்தைகள், நாலாவது மாசம், முதலில் பொய், பிறகு டாக்டருக்காகச் சாட்சி.

"இது என்ன குழந்தையென்று உனக்கு யார் சொன்னது?"

"இன்னா கொழந்தன்னு எனுக்கு எதுக்கு சார்? எனுக்கு ஜன்னி வரும். போன தடவையே பொழச்சது பெரிய விஷயம்."

"அதற்கு அத்தாட்சி?"

"டாக்டரம்மா எழுதி வெச்சிருக்காங்க. அது ஆஸ்பத்திரி பீரோல இருக்குது."

"ஆஸ்பத்திரிக்குச் சீல் வைத்திருக்கிறதே."

"தெறந்து எடுங்க சார்."

"திறக்க வேண்டுமானால் கமிட்டி கூட வேண்டும். கமிட்டி கூடத் தகுந்த காரணம் வேண்டும். காரணத்துக்கு அத்தாட்சி வேண்டும்." சொல்லும்போதே அவருக்கு அதில் ஏதோ இடித்திருக்க வேண்டும். தண்ணீர் குடித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, அண்ணன் மாதிரிச் சொன்னார்: "பெண் குழந்தையானால் என்ன அம்மா? வீட்டுக்கு லட்சுமி." பூபாலன் பக்கம் திரும்பி, அவன் நெஞ்சிலிருந்த எழுத்தைப் படித்து, "பாருங்கள், உங்கள் கணவருக்கே தெரிந்திருக்கிறது" என்றார்.

பூபாலன் இரண்டு கையாலும் நெஞ்சை மறைத்துக்கொண்டான்.

ஷர்மிளாவின் வாக்குமூலம் கோப்பில் சேர்ந்தது, டாக்டருக்கு எதிரான பக்கத்தில்.

அதன்பிறகு அவர்கள் போகாத இடமில்லை. பெரிய அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் ஸ்கேன் எடுத்து வரச் சொன்னார்கள். ஸ்கேன் எடுக்கிறவன் மூன்று பெண்கள் என்று கேட்டதும், இப்போது ரொம்பக் கெடுபிடி என்று பணத்தைத் திருப்பிக் கொடுத்தான். இன்னொருவன் எடுத்துக் கொடுத்தபோது, அழுத்தம் ஏறியிருக்கிறது, இறங்கினால் பார்க்கலாம் என்றார்கள். இறங்கியபோது அந்த ஆஸ்பத்திரி டாக்டர் லீவில் இருந்தார். கனகவல்லி தன்னுடன் படித்தவர்களுக்கெல்லாம் போன் செய்தார். ஒரு பூந்தொட்டி ஆஸ்பத்திரியில் ஒருவர் சரி என்றார். சாயங்காலம் அவரே கூப்பிட்டு, எங்கள் வக்கீல் வேண்டாம் என்கிறார், மன்னித்துக்கொள் என்றார். கடைசியில் அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டர் காகிதங்களைப் புரட்டிவிட்டு, காலம் தாண்டிவிட்டது அம்மா, இனிமேல் யாரும் துணிய மாட்டார்கள், பிரசவத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றாள்.

மழை வந்தது. ஆஸ்பெஸ்டாஸில் ஆணி அடித்த இடமெல்லாம் ஒழுகியது. ஷர்மிளாவின் கால் வீங்கி, செருப்பு ஏறவில்லை. தள்ளுவண்டி தண்ணீர் டேங்குக்கடியில் நின்றது. வீட்டில் உட்கார்ந்தபடி கீரை மட்டும் கட்டுக் கட்டி விற்றாள். வாரத்துக்கு ஒருமுறை கனகவல்லி டாக்டர் வந்து அழுத்தம் பார்த்தார். மூடிய ஆஸ்பத்திரியின் டாக்டர் வீடு வீடாக வைத்தியம் பார்க்கிறார் என்று இன்னொரு புகார் போகக்கூடாது என்பதால், கருவியைக் காய்கறிப் பையில் வைத்து, மேலே நாலு கத்திரிக்காய் போட்டு எடுத்துவந்தார். எண்ணைப் பார்ப்பார். சொல்ல மாட்டார். ஷர்மிளாவும் கேட்க மாட்டாள். போகும்போது, விசாரணை இன்னும் முடியவில்லை என்று டாக்டர் சொல்வார், கேட்காமலே.

ஷர்மிளா பூபாலனுக்குச் சமையல் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள்.

"புளிய எப்ப ஊத்தறது?"

"பருப்பு வெந்தப்புறம். முன்னாடியே ஊத்தினா வேகாது."

"நீயே பண்ணேன், கைக்கு என்னியப் படுத்தற?"

"பண்ணு. சுபாவுக்குக் காரம் ஆகாது, அவளுக்கு முன்னாடியே எடுத்து வெச்சுடு. நடுவுள்ளவ பொய் சொல்லுவா, சாப்டேம்பா, நம்பாத. தட்ட மோந்து பாரு."

பூபாலன் கரண்டியைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றான். பருப்பு அடிபிடித்தது. அவள் எழுந்து போய் அணைக்கவில்லை, அவனே அணைக்கட்டும் என்று இருந்தாள். தங்கைகளுக்கு இரட்டைப் பின்னல் போடுவது எப்படி என்று சௌம்யாவுக்கும் சொல்லிக்கொடுத்தாள். சௌம்யா தெலுங்கில், "நுவ்வே வெய்யி மம்மி" என்றாள், நீயே போடு என்று. "நான் பாக்கறேன், நீ போடு" என்றாள் ஷர்மிளா. சந்துப் பெண்கள் ஆளுக்கொரு வேளை குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். யாரும் அதிக நேரம் உட்காரவில்லை.

ஏழாவது மாசம் அது. மழை விட்டிருந்த ஒரு காலை. வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். முந்தானையில் வெங்காயச் சருகு ஒட்டியிருந்தது. போவன்பள்ளி மார்க்கெட்டில் வெங்காயம் தரம் பிரிக்கிறவள், தமிழ்தான். கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்.

"அக்கா, இங்க ஒரு பாப்பா குடுப்பாங்கன்னு சொன்னாங்க. சொட்டு மருந்து போடணும்."

ஷர்மிளா கீரையைக் கட்டிக்கொண்டிருந்தாள். இந்தமுறை அவள் முகத்தைப் பார்த்தாள். சின்னப் பெண். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"அது மூடிட்டாங்கம்மா."

"எப்பத் தெறப்பாங்க?"

"தெரியல."

அவள் பிஸ்கட் பாக்கெட்டை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினாள். போகவும் இல்லை. "அப்ப நீங்கள்லாம் இப்ப எங்க அக்கா போறீங்க?"

ஷர்மிளா எழுந்திருக்கப் பார்த்தாள். வயிறு விடவில்லை. சுவரில் கையூன்றி அப்படியே உட்கார்ந்துகொண்டாள்.

"நாங்க எங்கயும் போறதில்லம்மா" என்றாள்.

பேச்சுச் சத்தம் கேட்டு உள்ளேயிருந்து சுபாஸ்ரீ வந்தாள். பிஸ்கட் பாக்கெட்டைப் பார்த்தாள். மூலையில் கிடந்த செருப்பை இடம் வலமாக மாட்டிக்கொண்டு, அந்தப் பெண்ணின் முன்னால் போய் நின்று, தூக்கிக்கொள்ளச் சொல்லி இரண்டு கையையும் உயர்த்தினாள்.